மூட்டை தூக்கிய சித்தி

என் சித்தியின் வேலை ஆஸ்பத்திரிகளை இடம் மாற்றுவது. நோயாளிகளை மட்டுமல்ல, ஆஸ்பத்திரியையே. பழைய கட்டடத்தில் இருக்கும் கட்டில், குளிர்பெட்டி, எக்ஸ்ரே இயந்திரம், மருந்து அலமாரி என்று ஒன்றுவிடாமல் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரியை ஒரு நாள்கூட மூடக் கூடாது. எது முதலில் கிளம்பும், எது கடைசிவரை அங்கேயே நிற்கும், எந்தக் கதவில் எது நுழையாது, எந்த லிஃப்ட் எதைத் தாங்காது என்று முன்கூட்டியே வரைந்து வைப்பவள் அவள்தான். யார் வீட்டுக்குப் போனாலும் வாசல் அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். “இந்த சோபா இந்த வழியா எப்படி வந்துச்சு?” என்று உட்காருவதற்கு முன்பே கேட்பாள். “ஆரம்பிச்சுட்டா” என்று சித்தப்பா தலையில் கை வைப்பார்.

இத்தனையும் செய்தவளின் அலுவலக அட்டையில் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று மட்டும் அச்சாகியிருந்தது.

நான் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு ஒரு முதுகுப்பையோடு திரும்பி வந்தபோது இடம் கொடுத்தது சித்திதான். அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் முதல் வேளைச் சாப்பாட்டிலேயே கேள்விகள் ஆரம்பித்திருக்கும். சித்தி எதுவும் கேட்கவில்லை. “கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பிறந்தவடி நீ. எங்க வேலைக்கு அதுதான் வேணும், வா” என்று தன் அலுவலகத்திலேயே லேபிள் ஒட்டுகிற தற்காலிக வேலையில் சேர்த்துவிட்டாள். அதனால் நடந்ததில் பெரும்பகுதியை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன்.

நிறுவனத்தின் முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும் ஒரு வாடகை லாரியும் மட்டும் இருந்த காலத்தில் அவரோடு சேர்ந்தவள் சித்தி. சித்தப்பா ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பொழுது விடியும்வரை சித்தியோடு உட்கார்ந்திருந்தது அண்ணன்தான். சித்தி அதை மறக்கவில்லை. அண்ணனும் மறக்க விடவில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு இடமாற்றமும் முடிந்தபிறகு வாடிக்கையாளரோடு ஒரு முடிவுக் கூட்டம் நடக்கும். ஏன் தாமதம், ஏன் அந்தக் கண்ணாடி உடைந்தது என்று அவர்கள் கேட்பார்கள். முதலாளி தப்பை ஒத்துக்கொண்டால் நிறுவனமே ஒத்துக்கொண்டதாகிவிடும். லாரிக்காரர்களைச் சொன்னால் அடுத்த முறை வண்டி வராது. அதனால் அலுவலகத்தில் இருந்து யாராவது ஒருவர் எழுந்து, “மன்னிக்கணும், அது என் கணக்குத் தப்பு” என்று சொல்லிவிடுவார். கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்ததும் வாடிக்கையாளர் தணிந்துவிடுவார். டீ வரும். இதற்கு அலுவலகத்தில் மூட்டை தூக்குவது என்று பெயர். கூட்டத்துக்குக் கிளம்பும்போதே, “இந்தத் தடவை மூட்டை யாரு?” என்று யாராவது கேட்பார்கள், டிஃபன் பாக்ஸை யார் எடுத்துக்கொள்வது என்று கேட்கிற மாதிரி.

பெரும்பாலும் சித்திதான். முறை வைத்துத்தான் ஆரம்பித்தார்களாம். போகப்போக அவள் தோளிலேயே நின்றுவிட்டது.

“உன் முகத்துக்கு முன்னாடி எந்தக் கோபமும் நிக்காதும்மா” என்பார் அண்ணன். “நாங்க ஒத்துக்கிட்டா நடிக்கிற மாதிரி இருக்கு. நீ ஒத்துக்கிட்டா அவங்களே சமாதானம் சொல்ல வந்துடறாங்க.”

சித்தி இதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் வந்த வருஷம் பெரிய வேலை ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. குழந்தைகள் ஆஸ்பத்திரி முழுவதையும் புதுக் கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்கள். வேறொரு தெருவில் இருந்த அதன் பச்சிளம் குழந்தைகள் பிரிவை மட்டும் முன்பே இவர்கள் இப்போதைய கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். இப்போது முழு ஆஸ்பத்திரி. ஆனால் ஒரு நிபந்தனை: வேலையை முன்னின்று நடத்துபவர் திட்ட மேலாண்மையில் உலகம் ஒத்துக்கொள்ளும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

“நீ எழுதும்மா” என்றார் அண்ணன், எல்லோர் முன்னாலும். “நீ பாஸ் பண்ணு. இந்த வேலைக்கு நீதான் தலைவர். என் வாயால சொல்றேன்.”

அன்று சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சமையலறைவரை போய்விட்டாள். “தலைவராம்ங்க” என்றாள் சித்தப்பாவிடம். அவள் குரலில் அப்படி ஒரு கூச்சத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

படிப்பு ஆரம்பித்தது. செங்கல் மாதிரி ஒரு புத்தகம். அரிசி களைந்துகொண்டே படிப்பாள். துணி மடித்துக்கொண்டே என்னைக் கேள்வி கேட்கச் சொல்வாள். சித்தப்பாவும் அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, என் நீலச் சட்டை துவைக்கிறது இன்னிக்கு கிரிட்டிக்கல் பாத்துல வருதா?”

“வரல. அது தள்ளிப்போனா மத்த வேலை எதுவும் தள்ளிப்போகாது. உங்களுக்கு இன்னொரு சட்டை இருக்கு.”

“அப்ப நான் ஸ்டேக்ஹோல்டரே இல்லியா இந்த வீட்டுல?”

“நீங்க ரிஸ்க்கு.”

கேள்விகள் எல்லாம் ஒரே ரகம். நீங்கள் ஒரு திட்டத்தின் தலைவர், இப்படி ஒரு சிக்கல் வந்திருக்கிறது, முதலில் என்ன செய்வீர்கள்? நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருநாள் அப்படி ஒரு கேள்வியைப் படித்தேன். தாமதத்துக்குக் காரணம் என்னவென்று வாடிக்கையாளர் கேட்கிறார். உங்கள் மேலதிகாரி வேறொரு காரணத்தைச் சொல்லச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?

சித்தி மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “நடந்ததை நடந்தபடி சொல்லணும். அதுதான் விடை” என்றாள். பிறகு சிரித்தாள். “நம்ம ஆபீஸ்ல இதுக்கு விடை வேற.”

“தாயே, பரீட்சையில போய் ஆபீஸ் விடையைக் குத்திட்டு வந்துடாத” என்றார் சித்தப்பா.

பரீட்சை எழுதும் முன் விண்ணப்பிக்க வேண்டும். முன்னின்று நடத்திய வேலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் சாட்சியாக ஒருவர் பெயரைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். சிலரை மட்டும் பொறுக்கி எடுத்து, ‘இந்த வேலைகளை இவர்தான் நடத்தினார்’ என்று சாட்சியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்வார்கள். சித்தியைப் பொறுக்கிவிட்டார்கள். அவளுக்கு அதில் கவலையே இல்லை. எல்லாவற்றுக்கும் சாட்சி என்று அவள் கொடுத்திருந்தது அண்ணனின் பெயரை.

அண்ணன் இன்று நாளை என்று இழுத்தார். கடைசியில் ஒரு மத்தியானம் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். நான் லேபிள் சுருளோடு கதவோரம் நின்றேன்.

“அண்ணே, அந்தக் கையெழுத்து…”

“உக்காரும்மா. சாப்ட்டியா?”

“சாப்ட்டேண்ணே. கடைசித் தேதி வந்துடுச்சு.”

அண்ணன் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். “நான் யோசிச்சுப் பாத்தேன். நீ நடத்தினேன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? ஒப்பந்தத்துல எல்லாம் நான்தானே தலைவர்.”

“பேருக்குத்தானேண்ணே.”

“சரி, பேருக்குத்தான். ஆனா எந்த வாடிக்கையாளரைக் கேட்டாலும் என்ன சொல்வாங்க? தாமதம் பண்ணினது இந்தம்மா, உடைச்சது இந்தம்மான்னு சொல்வாங்க. நாளைக்கு யாராவது தோண்டிக் கேட்டா என் கையெழுத்து என்ன ஆகும்?”

அவர் விளையாடுகிறார் என்றுகூட ஒரு நொடி சித்தி நினைத்திருப்பாள். உதட்டில் சிரிப்பு வரப் பார்த்து நின்றது.

“அதையெல்லாம் உங்களுக்காகத்தானேண்ணே சொன்னேன்?”

“எனக்காகன்னு சொல்லாத. கம்பெனிக்காக.” அவர் குரலைத் தாழ்த்தினார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடச் சித்தி தாங்கியிருப்பாள். பாசம்தான் இருந்தது. “உள்ளதைச் சொல்றேன் கேளு. நீ இவ்வளவு தூரம் வருவேன்னு நான் நினைக்கல. சும்மா படிச்சுக்கிட்டு இருப்ப, உனக்கும் ஒரு சந்தோஷம்னு நினைச்சேன். நீ தலைவர் ஆயிட்டா கூட்டத்துல எழுந்து நிக்க முடியாதும்மா. தலைவர் தப்புன்னா கம்பெனி தப்பு. அப்புறம் யாரு மூட்டை தூக்குவா? இன்னொருத்தர் கிடைப்பாங்களா உன்னை மாதிரி?”

சித்தி எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளினாள். வெளியே வந்தபிறகு என் கையில் இருந்த லேபிள் சுருளை வாங்கி, ஒட்ட வேண்டிய அட்டைப்பெட்டிகளில் அவளே ஒட்ட ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் நேராக ஒட்டினாள். நான் பக்கத்தில் நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை.

வாடிக்கையாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடலாம், பெரிய வேலை ஒன்றுக்குக் கிடைத்தால் போதும் என்று விதி இருந்தது. மறுநாள் சித்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி மேட்ரனைப் பார்க்கக் கிளம்பினாள். நானும் போனேன்.

பச்சிளம் குழந்தைகள் பிரிவை மாற்றிய நாளன்று நடந்ததைப் பஸ்ஸில்தான் சொன்னாள். காலையில் வர வேண்டிய வண்டிகளை அண்ணன் கடைசி நேரத்தில் ஒரு வங்கி வேலைக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். குழந்தைகள் உள்ளே இருக்க, அவர்களின் வெப்பப்பெட்டிகள் பேட்டரியில் ஓடியபடி வராந்தாவில் வரிசையாக நின்றிருக்கின்றன. ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி வரும்வரை மேட்ரன் ஒரு பெட்டியின் மேல் கை வைத்தபடி அசையாமல் நின்றிருந்தாராம். முடிவுக் கூட்டத்தில் சித்தி எழுந்து, “வண்டி நேரத்தை நான் தப்பா எழுதிட்டேன் மேடம்” என்று சொல்லியிருக்கிறாள்.

மேட்ரனின் அறை மருந்து வாசனையும் புதுப் பெயின்ட் வாசனையுமாக இருந்தது. உயரமான பெண்மணி. சித்தியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“வண்டிக்காரம்மா! வாங்க. உங்களை மறக்க முடியுமா? அன்னைக்கு எனக்கு உயிரே போயிடுச்சு.”

சித்தி வந்த விஷயத்தைச் சொன்னாள். மேட்ரன் கேட்டுவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

“நீங்க நடத்தினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? பேச வர்றப்ப எல்லாம் உங்க முதலாளிதான் முன்னால இருந்தாரு.”

சித்தி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “தப்பு என்னோடதுன்னு அன்னைக்குச் சொன்னேன் இல்லீங்களா மேடம். அட்டவணை என் கையில இல்லாம அந்தத் தப்பு எப்படி என்னோடதாகும்?”

மேட்ரன் ஒரு கணம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “சரியான ஆளுங்க நீங்க! நியாயம்தான். தப்பு உங்களோடதுன்னா வேலையும் உங்களோடதுதான்.” பேனாவை எடுத்தார். “ஒண்ணு சொல்றேன். இங்க டாக்டர்லேருந்து கூட்டறவங்க வரைக்கும் எல்லாருக்கும் கை அடுத்தவங்களைத்தான் காட்டும். தன்னைக் காட்டின ஒரே ஆள் நீங்கதான். அதுக்காகவே போடறேன்.”

திரும்பும் வழியில் நான் கேட்டேன். “உண்மையைச் சொல்லியிருக்கலாமே சித்தி? வண்டியைத் திருப்பினது அண்ணன்னு.”

“சொன்னா? அப்ப வேலையை நடத்தினது அவருதானேன்னு கேப்பாங்க. அந்தத் தப்பு ஒண்ணுதாண்டி இப்ப எனக்குச் சாட்சி.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் பண்ணாத தப்பு.”

பரீட்சையைக் கணினியில் எழுதினாள், முடித்ததுமே முடிவு தெரிந்துவிடும். கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். நானும் சித்தப்பாவும் எதிரே இருந்த கடையில் டீக்கு மேல் டீயாகக் குடித்தோம். வெளியே வந்தவள் முதலில் தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்தபிறகுதான், “பாஸ்” என்றாள். சித்தப்பா தெருவிலேயே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், யாரோ ஓர் அதிகாரிக்குக் கை கொடுப்பது போல.

அடுத்த நாள் அண்ணன் கேக்கோடு வீட்டுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. “அன்னைக்கு ஏதோ புத்தி கெட்டுப் பேசிட்டேன். நீ எனக்குத் தங்கச்சி. குழந்தைகள் ஆஸ்பத்திரி வேலைக்கு உன் பேரைத்தான் தலைவர்னு போட்டு அனுப்பப் போறேன்” என்றார். சித்தப்பா கேக்கைத் தொடவில்லை. சித்தி ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

“மனசு மாறி வந்தவரை வாசல்ல நிக்க வைக்க முடியுமா?” என்றாள், அவர் போனபிறகு.

“வாசல் அகலத்தை அளக்கறவ நீ. ஆளை அளக்கத் தெரியலையே” என்றார் சித்தப்பா.

சான்றிதழ் பெற்ற தலைவர் இருந்ததால் நிறுவனம் முதல் சுற்றில் தேறியது. அடுத்து ஆஸ்பத்திரிக் குழுவோடு நேர்ப் பேச்சு. சித்தி புதிதாக ஒரு வரைபடம் போட்டிருந்தாள். எந்தப் பிரிவு எந்த வரிசையில் போகும், எந்த வண்டிக்குப் பதில் எது நிற்கும் என்று வண்ணம் வண்ணமாக. வரைபடச் சுருளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நீண்ட மேசை. நடுவில் ஆஸ்பத்திரி நிர்வாகி, அவருக்குப் பக்கத்தில் மேட்ரன். அண்ணன் சித்தியைக் காட்டி, “எங்க தலைவர்” என்றார்.

மேட்ரன் சித்தியைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு நிர்வாகியிடம் திரும்பினார். “நல்ல மனுஷி. நேர்மையானவங்க. அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது. ஆனா இவங்களே ஒத்துக்கிட்டாங்க, வண்டி நேரத்தைத் தப்பா எழுதினேன்னு. குழந்தைங்களை இவங்க கையில மறுபடியும் நான் தர மாட்டேன். மன்னிச்சுக்குங்கம்மா.”

சித்தி அண்ணனைப் பார்த்தாள். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ‘வண்டியைத் திருப்பினது நான்’ என்று மூன்றே வார்த்தை. அறையில் அந்த மூன்று வார்த்தைக்கு இடம் இருந்தது. எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தலையாட்டினார். “நீங்க சொல்றது ரொம்பச் சரி மேடம். இதை எதிர்பார்த்துத்தான் சான்றிதழ் உள்ள இன்னொருத்தரையும் வெளியிலேருந்து பேசி வச்சிருக்கேன். அனுபவசாலி. அவர் நடத்துவாரு. இவங்க கீழ உதவிக்கு இருப்பாங்க.”

பேசி வைத்திருக்கிறார். எப்போது பேசினார்? கேக் வாங்குவதற்கு முன்னாலா, பின்னாலா? சித்தியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அவள் எழுந்து நின்றாள். முடிவுக் கூட்டங்களில் எத்தனையோ முறை எழுந்து நின்ற அதே மாதிரி, கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு.

“மேடம், அன்னைக்கு வண்டி நேரத்தை நான் சரியாத்தான் எழுதியிருந்தேன். வண்டியை வேற வேலைக்குத் திருப்பி அனுப்பினது இவரு. கூட்டத்துல யாராவது ஒருத்தர் பழியை ஏத்துக்கறது எங்க ஆபீஸ் பழக்கம். நான் ஏத்துக்கிட்டேன்.”

“என்னம்மா பேசற?” என்றார் அண்ணன். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்ரன் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அன்னைக்கு என்கிட்ட சொன்னது பொய்யா?”

“பொய்தான் மேடம்.”

“கையெழுத்துக்கு வந்தப்பவும் அந்தப் பொய்யை வச்சுத்தான் பேசினீங்க.”

“வேலையை நடத்தினது நான்தான் மேடம். அது உண்மை. தப்பு மட்டும்தான்…”

“என்கிட்ட எல்லாரும்தான் பொய் சொல்றாங்க” என்றார் மேட்ரன். குரல் உயரவில்லை. “எனக்கு அது பழகிப்போச்சு. உங்களைப் பத்தி மட்டும்தான் நான் எங்க புது நர்ஸுங்ககிட்ட சொல்லிச் சொல்லி வச்சிருந்தேன். தப்பு பண்ணினா அந்தம்மா மாதிரி எழுந்து நில்லுங்கன்னு.” முன்னால் இருந்த காகிதங்களைச் சேர்த்து அடுக்கினார். “போட்ட கையெழுத்தை நான் திரும்ப வாங்க மாட்டேன். நீங்க போகலாம்.”

வேலை வேறொரு நிறுவனத்துக்குப் போனது.

கார் நிறுத்துமிடத்தில் அண்ணன் எங்கள் பின்னாலேயே ஓடிவந்தார். வியர்த்திருந்தது. “எத்தனை பேர் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்ட தெரியுமா? ஆஸ்பத்திரி வராந்தாவுல உன் புருஷனுக்காக விடிய விடிய உக்காந்திருந்தவனுக்கு நீ பண்ற துரோகமா இது?” அவர் நடிக்கவில்லை. தான்தான் ஏமாற்றப்பட்டவர் என்று முழுமனதாக நம்பினார்.

“வீட்டுக்குப் போங்கண்ணே, வெயிலா இருக்கு” என்றாள் சித்தி. அண்ணே என்று அவரை அவள் கூப்பிட்டது அதுதான் கடைசி.

அதன்பிறகு சித்தி வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தாள். நூலகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இடம் மாற்றுகிறவர்கள். அட்டையில் ‘திட்டத் தலைவர்’ என்று இருக்கிறது. முடிவுக் கூட்டங்களில் நடந்ததை நடந்தபடி சொல்கிறாள் என்பதால் அங்கே அவளை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது என்கிறார் சித்தப்பா. அண்ணனைப் பற்றி வீட்டில் பேச்சே எழுவதில்லை. திட்டுவதுகூட இல்லை. ஆனால் சாப்பிடும்போது திடீரென்று, “அந்தம்மா நர்ஸுங்ககிட்ட இப்ப என்ன சொல்லிக்குடுப்பாங்க?” என்று கேட்பாள். சித்தப்பா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடுவார்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி இடம் மாறிய நாளன்று அவள் லீவு போட்டுவிட்டு அங்கே போனாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். பழைய கட்டடத்தின் வாசலில் வண்டிகள் ஒழுங்காக வரிசை பிடித்து நின்றன. வெப்பப்பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூடவே நர்ஸுகள் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். கடைசிப் பெட்டியோடு மேட்ரன் வந்தார். ஒரு கை கண்ணாடி மூடியின் மேல் இருந்தது.

சித்தி நின்றிருந்தது சரிவுப்பாதையின் ஓரம். “மேடம்” என்றாள்.

மேட்ரன் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. அது அவர் கண்ணில் நன்றாகவே தெரிந்தது.

“கொஞ்சம் வழி விடுங்கம்மா” என்றார், தெருவில் வேடிக்கை பார்க்க நிற்கும் யாரிடமோ சொல்வது போல. “குழந்தை வருது.”

சித்தி இரண்டடி பின்னால் நகர்ந்து வழி விட்டாள். பெட்டி அவளைக் கடந்து போனது. வண்டியின் கதவு சாத்தப்பட்டது.